இரண்டாவது ஸ்லைடு

ஜெர்மன் மொழியில் பி1 என்று ஒரு தேர்வு இருக்கிறது. படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. முதல் மூன்றில் எப்படியாவது கரையேறிவிடலாம். காகிதம் நம் முகத்தைப் பார்க்காது. வில்லங்கம் நான்காவதில்தான். இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். எதிரே இரண்டு தேர்வாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் நாமும் கூட வந்தவரும் சேர்ந்து ஏதாவது ஒரு காரியத்துக்குத் திட்டம் போட வேண்டும். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம் ஒரு தலைப்பில் பேச வேண்டும். பேசி முடித்ததும் கூட வந்தவர் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று நிமிடப் பேச்சுக்கு ஐந்து ஸ்லைடுகள். தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் ஸ்லைடில் தலைப்பை அறிமுகம் செய்ய வேண்டும். இரண்டாவதில் அதுபற்றி நம் சொந்த அனுபவம். மூன்றாவதில் நம் நாட்டில் நிலைமை எப்படி. நான்காவதில் நன்மை, தீமை, நம் கருத்து. ஐந்தாவதில் பேச்சை முடித்து நன்றி சொல்ல வேண்டும். நன்றி சொல்வதற்கென்றே தனி ஸ்லைடு வைத்த தேசம் அது. நம் ஊர் மேடையில் ஐந்தாவது ஸ்லைடை மட்டுமே அரைமணி நேரம் பேசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபது வயது தாண்டியவனுக்கு இந்த வம்பு எதற்கு என்று கேட்பீர்கள். பையன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். பேத்தி அங்கே மழலையர் பள்ளிக்குப் போகிறாள். பொம்மையோடு ஜெர்மனில் சண்டை போடுகிறாள், தூக்கத்தில் ஜெர்மனில் பேசுகிறாள். வீடியோ காலில் அவள் ஏதாவது சொன்னால் நான் பையன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு ஜெர்மனில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் பாட்டியும் பேத்தியும் அரைமணி நேரம் விடாமல் பேசிச் சிரிப்பார்கள். பாட்டி, 'தாத்தா கிட்ட குடுக்கட்டுமா?' என்றதும் பேத்தி எழுந்து ஓடிவிடுவாள். மொழிதான் குறை என்று முடிவு கட்டி நான் வகுப்பில் சேர்ந்தேன். பேத்தியோடு பேச பி1 சான்றிதழ் தேவையில்லைதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் கருவூலத் துறையில் துறைத் தேர்வு எழுதி எழுதியே பதவி உயர்வு பெற்றவன் நான். பரீட்சை என்று ஒன்று இல்லாவிட்டால் எனக்கு எந்தப் படிப்பும் ஏறாது.

வகுப்பு ஆன்லைனில். சொல்லித்தரும் டீச்சருக்கு என் பையனைவிட வயது குறைவு. பேச்சுத் தேர்வுக்கு வரக்கூடிய தலைப்புகள் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். குழந்தைகளுக்குக் கைப்பேசி தேவையா, சைவ உணவு, இணையத்தில் பொருள் வாங்குவது, அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் வாழ்வது. கடைசியாக, 'சமுதாயத்தில் பெண்களின் நிலை: அன்றும் இன்றும்'. வகுப்பில் ஆளுக்கு ஒரு தலைப்பைப் பிரித்துக் கொடுத்தபோது என்னைப் பார்த்து, "சார், நீங்க பெரியவங்க, அன்றையும் பார்த்திருப்பீங்க, இன்றையும் பார்த்திருப்பீங்க. நீங்க இதை எடுத்துக்கங்க" என்றார். வகுப்பில் மற்ற எல்லோரும் செவிலியர்கள், பொறியியல் பிள்ளைகள். அவர்கள் கைப்பேசியையும் சைவத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

எனக்கு மகிழ்ச்சிதான். பெண்ணுரிமை பற்றித் தெரியாத தமிழன் உண்டா? அன்று இரவே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் ஸ்லைடு தயார். ஐந்தாவது தயார். மூன்றாவது ஸ்லைடு எழுத எழுத வளர்ந்துகொண்டே போனது.

1921இல், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்குள் போய், அதன் துணைத் தலைவராகவும் ஆனார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1989இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. மத்திய அரசு அதே வழிக்கு வர 2005 ஆயிற்று. 2021இலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியது. இத்தனையையும் மனப்பாடம் செய்து டீச்சர் முன்னால் ஒப்பித்தபோது மூன்று நிமிடமும் முடிந்து, நான் இன்னும் 1947இல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், மூணாவது ஸ்லைடுக்கு நாற்பது செகண்டுதான். ரெண்டாவது ஸ்லைடு எங்கே?"

"அதைக் கடைசியில் எழுதிக்கலாம்னு விட்டிருக்கேன்மா."

"அதுதான் சார் ஈசி. நம்ம வீட்டுல எப்படின்னு சொல்லணும், அவ்வளவுதானே?"

கணக்கில் ஓர் இனம் நேராகாவிட்டால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் பளபளப்பாக முடித்து வைப்பது எங்கள் துறையில் வழக்கம்தான். அந்த வழக்கப்படி நான் ஜெர்மன் நாட்டு வரலாற்றில் இறங்கினேன். தேர்வாளர்களுக்கு அவர்கள் ஊர்ப் பெருமையை எடுத்துச் சொன்னால் மனம் குளிர்ந்து இரண்டு மதிப்பெண் கூடப் போடுவார்கள் என்பது கணக்கு.

படிக்கப் படிக்க எனக்குத்தான் மனம் குளிர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1918 நவம்பர் 12 அன்று ஜெர்மன் பெண்களுக்கு ஓட்டுரிமை அறிவித்தார்கள். 1919 ஜனவரியில் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். பிப்ரவரி 19 அன்று மரி யூகாட்ஸ் என்ற அம்மையார் அந்நாட்டு தேசிய சபையில் பேச எழுந்தார். கனவான்களே என்று ஆண்களை மட்டும் விளிக்காமல் பெண் உறுப்பினர்களையும் சேர்த்து விளித்தார். அவையில் சிரிப்பு எழுந்தது என்று அவைக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சிரித்தவர்கள் பெயர் தெரியவில்லை. அவர்களும் வீட்டுக்குப் போய், 'நான் பெண்ணுரிமையை ஆதரிக்கிறவன்' என்று சொல்லியிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் எழுத 65 பேர் உட்கார்ந்தார்கள். அதில் பெண்கள் 4 பேர். அவர்களில் எலிசபெத் செல்பெர்ட் என்பவர் வழக்கறிஞர். ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்கள் என்று ஒரே வரி எழுதுங்கள் என்றார். முடியாது என்றார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசினார். கூடை கூடையாகக் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1949 ஜனவரியில் அந்த வரி உள்ளே ஏறியது. மூன்றாவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு.

இவ்வளவும் வீரம். நான் தேடிக்கொண்டிருந்த ஆறுதல் அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. சட்டத்தில் சமம் என்று எழுதிய பிறகும், 1958 ஜூலை வரை குடும்ப விஷயங்களில் இறுதி முடிவு எடுக்கும் உரிமை கணவனுக்குத்தான் என்று அவர்கள் சிவில் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நீக்கிய பிறகும், வீட்டுக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வெளியே வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை நீடித்தது. பக்கத்து வீட்டுச் சுவிட்சர்லாந்து இன்னும் மேல். அங்கே தேசிய அளவில் பெண்களுக்கு ஓட்டு வந்ததே 1971இல். ஆப்பன்செல் பகுதியில் ஒரு மாநிலம் தன் உள்ளூர் ஓட்டைப் பெண்களுக்கு விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்க, உச்ச நீதிமன்றம் தலையிட்டு 1990இல்தான் வாங்கிக்கொடுத்தது. இந்தச் சேதியைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. நம்மைவிடப் பின்னால் ஒருவன் ஓடிவருகிறான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் நிம்மதிப் பெருமூச்சு வராது!

உடனே எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். என் மனைவி அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் இருவருக்கும் சமைத்து, எனக்கு மேசைமேல் மூடி வைத்துவிட்டு, தன் டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்தப் பரபரப்பில்தான் நான் போய் நின்றேன்.

"இங்க பாரு, ஜெர்மனியிலேயே 1958 வரைக்கும் புருஷன் சொல்றதுதான் முடிவுன்னு சட்டமே இருந்திருக்கு."

அவள் தாளிப்பில் கடுகு வெடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: "சட்டம் போட்டா நடத்தினாங்க? பாவம். இங்க அந்தச் செலவுகூட இல்ல."

இதை எந்த ஸ்லைடில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது ஸ்லைடு மட்டும் வெறுமையாகவே இருந்தது. டீச்சர் ஒரு மாதிரி வாக்கியம் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஆண், பெண் வேறுபாடு இல்லை, எல்லோரும் சேர்ந்து வேலை செய்கிறோம் என்பது அதன் பொருள். நல்ல வாக்கியம். இலக்கணம் சுத்தம். அதைக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து உரக்கச் சொல்லிப் பழகினேன். மனைவி காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கே, என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "சும்மா இலக்கணப் பயிற்சி" என்றேன். அவள் காலித் தம்ளருக்காக நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை என்று டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சார், கற்பனையா எதையாவது சொல்லுங்க. மொழிக்குத்தான் மார்க். உண்மையான்னு யாரும் செக் பண்ணமாட்டாங்க." நியாயமான பேச்சு. ஆனால் வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றி எனக்குப் பழக்கமில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் கொண்டுவந்த பில்லைத் திருப்பி அனுப்பிய கை இது.

வீட்டைவிட்டால் பிறந்தகம். அக்கா கதை ஒன்று இருந்தது. ஊரில் எங்கள் தாத்தா காலத்து வீடு. 1989 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் சொத்துச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அக்காவுக்கு அந்த வருஷம் தை மாதம் கல்யாணம். அப்பா சட்டம் படித்தவர் இல்லை, ஆனால் முகூர்த்தம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். பிற்பாடு வீட்டை விற்றபோது வாங்குகிறவர்கள் கேட்டார்களே என்று அக்காவிடம் ஒரு விடுதலைப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டோம். அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தோம். நல்ல புடவை.

சொந்த அனுபவம், நாட்டு நிலைமை, நன்மை தீமை மூன்றும் ஒரே கதையில் அடங்குகிறதே என்று அக்காவுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். அவள் பதறிப்போய்விட்டாள். "டேய், அதை மட்டும் சொல்லிடாதே. பரீட்சைக்கு வந்த எடத்துல நம்ம குடும்ப மானம் போயிடும்." பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான், மானத்தைக் காப்பாற்றுகிறவளும் அவள்தான். நான் கதையை விட்டுவிட்டேன். விடுதலைப் பத்திரத்துக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் புள்ளிவிவரம் கண்ணில் பட்டது. எங்கள் துறை ஆட்களுக்கு எண்ணைப் பார்த்தால்தான் தெம்பு வரும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஈடுபடாத ஆண்கள் இந்தச் சராசரியிலேயே சேரமாட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் 2022இல் எடுத்த கணக்கில், வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சேர்த்துப் பெண்களுக்கு வாரம் 30 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆண்களுக்கு 21க்குச் சற்றுக் குறைவு. அங்கேயும் சமம் இல்லை என்பதை அடிக்கோடிட்டுக்கொண்டேன். ஆனால் 21 மணி என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம். என் பையன் ஏன் எப்போதும் ஈரக் கையோடு போனை எடுக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. இங்கே இருந்தவரை சாப்பிட்ட தட்டை நகர்த்தாத பிள்ளை. இதைச் சொன்னதும் என் மனைவி பெருமைப்பட்டாள். கொஞ்சநேரம் கழித்து, "பாவம், இளைச்சுட்டான்" என்றும் சொன்னாள்.

நாட்டுச் சராசரி 88 நிமிடம். என் கணக்கு எவ்வளவு? 88ஐத் தொட்டுவிட்டால் இரண்டாவது ஸ்லைடில் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாம். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, ஒரு நாளைக்கு நான் செய்யும் வீட்டு வேலையை இனவாரியாக எழுதினேன். தண்ணீர் மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பும்வரை காத்திருப்பது, அணைப்பது: 42 நிமிடம். பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவிக் குளிர்பெட்டியில் வைப்பது: 3. குக்கர் விசில் எண்ணுவது: 15. மாலையில் கறிவேப்பிலை, கொத்தமல்லி வாங்கிவருவது: 45. கூரியர் பையனுக்குக் கதவு திறப்பது: 5. கேஸ் பதிவு செய்வது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டுவது, இவற்றை நாள் கணக்கில் வகுத்தால்: 4. பொது மேற்பார்வை: 20. ஆகமொத்தம் 134 நிமிடம். தேசிய சராசரியைத் தாண்டி 46 நிமிடம் உபரி! என்னை நானே அப்படி மதித்ததில்லை.

தாளை மனைவியிடம் காட்டியது சம்பிரதாயத்துக்காகத்தான். அவள் விடைத்தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு அதே சிவப்புப் பேனாவோடு என் தாளை வாங்கினாள். நான் பணியில் இருந்த காலத்தில் தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் வயிற்றில் ஒரு சங்கடம் வருமே, அது வந்தது.

மோட்டார்: தொட்டி நிரம்பிய 40 நிமிடமும் பேப்பர் படித்தது தெரியவந்ததால் அந்தப் பகுதி ஏற்கப்படவில்லை, 2 நிமிடம் அனுமதி. பால்: 3 நிமிடம் அனுமதி. விசில்: இவர் எண்ணியது மூன்று, குக்கர் அடித்தது ஐந்து, பருப்பு கரைந்தது, முழுவதும் தள்ளுபடி. கறிவேப்பிலை: கடை தெருமுனையில் இருக்கிறது, போக வர 6 நிமிடம், மீதி 39 நிமிடம் டீக்கடை அரசியல், வீட்டுக் கணக்கில் சேராது. கூரியர்: வந்தது இவருடைய செருப்பு, தள்ளுபடி. கேஸ்: மிஸ்டு கால் கொடுத்தால் போதும், மின்கட்டணத்தோடு சேர்த்து 1 நிமிடம். பொது மேற்பார்வை: அப்படி ஓர் இனமே கிடையாது.

நிகர அனுமதி 12 நிமிடம்.

"உன் கணக்கையும் எழுதேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றேன். தோற்ற கட்சி மறு எண்ணிக்கை கேட்பதில்லையா?

"அதை எழுத நேரம் கிடைச்சா தூங்குவேன்" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டுக்குத் திரும்பினாள்.

மீதி 76 நிமிடத்தை எப்படியாவது ஈட்டியாக வேண்டும். ஒரு வேலை கொடு என்று கேட்டேன். முதலில் மறுத்தாள். "பரீட்சை முடியட்டும்க. இப்ப உள்ள வந்து இடைஞ்சல் பண்ணாதீங்க" என்றாள். 1977க்கு முந்திய ஜெர்மன் சட்டத்தில் 'இடைஞ்சல்' எந்தப் பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. கெஞ்சியதில் சின்ன வெங்காயம் உரிக்கும் இலாகா கிடைத்தது. சாம்பார் வைக்கிற நாளில் ஒரு கிண்ணம். உரித்துக்கொண்டே வினைச்சொல் பட்டியலை ஒப்பிப்பேன். கண்ணீர் மல்க ஜெர்மன் படித்த முதல் ஆள் நானில்லை என்று டீச்சர் ஆறுதல் சொன்னார். எப்படியோ, வவுச்சர் வந்துவிட்டது. 'எங்கள் வீட்டில் நான் வெங்காயம் உரிக்கிறேன்.' சின்ன வாக்கியம், பிழை வர வழியில்லை. இரண்டாவது ஸ்லைடு நிறைந்தது.

தேர்வு நாள் வந்தது. எனக்கு ஜோடியாக அமைந்தது தூத்துக்குடிப் பக்கத்துச் செவிலியர், சின்னப் பெண். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 வேண்டும். அதற்கு முந்திய படி இது. இரவுப் பணி முடித்த கையோடு ரயில் ஏறி வந்திருந்தாள். எனக்கு இது பேத்தியோடு கொஞ்ச, அவளுக்கு இது பிழைப்பு. "பயப்படாதீங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

தயாரிப்பு அறையில் 15 நிமிடம். அகராதி, கைப்பேசி எதுவும் கூடாது. இரண்டு தலைப்பு கொடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். ஒன்று விடுமுறைப் பயணம். மற்றொன்று, வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்பது. பயணத்தை எடுத்திருந்தால் கொடைக்கானலைச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் படித்த கேள்வி வந்த பரவசத்தில் எந்த மாணவன் நிதானமாக இருந்திருக்கிறான்?

முதலில் கூட்டுத் திட்டம். மொழி வகுப்பு முடிவதையொட்டி ஒரு விருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். யார் என்ன செய்வது என்று இருவரும் பேசி முடிக்க வேண்டும். நான் மூத்தவன் என்ற முறையில் தொடங்கினேன். "நீ சமையலைப் பார்த்துக்கொள், நான் பணத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன்" என்று தெளிவான ஜெர்மனில் சொன்னேன். நானாக யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. அந்தப் பெண் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "எனக்குச் சமைக்கத் தெரியாது. நீங்கள் சமையுங்கள், நான் கணக்குப் பார்க்கிறேன்" என்றாள். தேர்வாளர் அம்மையார் குனிந்து எதையோ எழுதினார். விருந்துக்கு வெளியே சாப்பாடு சொல்லிவிடலாம் என்று இருவரும் சமாதானமானோம்.

பிறகு என் மூன்று நிமிடம். முதல் ஸ்லைடு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் வெங்காயத்தை உரித்தேன். மூன்றாவதில் 1921ஐயும் முத்துலட்சுமி ரெட்டியையும் நாற்பது விநாடிக்குள் அடக்கினேன். 289, 88 இரண்டு எண்களையும் ஜெர்மனில் தடுமாறாமல் சொன்னேன். அந்த மொழியில் பத்துகளுக்கு முன்னால் ஒன்றுகளைச் சொல்ல வேண்டும், எண்பத்தெட்டில் மட்டும் எப்படிச் சொன்னாலும் எட்டுதான். நான்காவதில் பகிர்ந்துகொள்வதால் வரும் நன்மைகளை அடுக்கினேன். தீமை ஒன்றும் சொல்ல வேண்டுமே என்று, ஆண்கள் விசிலைத் தப்பாக எண்ணிவிடுவார்கள் என்றேன். எதிரே இருந்தவர் சிரித்தார். ஐந்தாவதில் நன்றி சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தால் சரியாக மூன்று நிமிடம். கைதட்டல் ஒன்றுதான் குறை.

அந்தப் பெண் விதிப்படி முதலில் பாராட்டினாள். பேச்சு சுவாரசியமாக இருந்தது, நிறையத் தெரிந்துகொண்டேன் என்றாள். எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வரி அது. அடுத்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இரவெல்லாம் கண்விழித்த களைப்பில் நீளமான வாக்கியம் கட்ட அவளுக்குத் தெம்பில்லை போலிருக்கிறது. இரண்டே சொல்லில் கேட்டுவிட்டாள்.

"வெங்காயம்... தினமுமா?"

ஜெர்மன் படிக்கிற எந்தக் குழந்தைக்கும் முதல் வாரத்தில் தெரிந்துவிடும் சொற்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். இரண்டுமே எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆமாம் என்றால் வவுச்சர் இல்லை. இல்லை என்றால் பேச்சு மொத்தமும் படுத்துவிடும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கெலா மெர்க்கெல் 2005 முதல் 2021 வரை பதினாறு ஆண்டுகள் ஜெர்மனியின் சான்சலராக இருந்தார், அவர் ஒரு பெண் என்று சொன்னேன்.

தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் அன்பாக, "உண்மைதான்" என்றார்.

பேச்சில் எனக்கு 100க்கு 67. அந்தப் பெண்ணுக்கு 91. அவள் பி2க்குப் படிக்கத் தொடங்கிவிட்டாள். பேத்தி என் சான்றிதழைத் திரையில் பார்த்துவிட்டு, "பாட்டி எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டாள். அது எனக்கு முழுதாகப் புரிந்தது.

இனி, இத்தேர்வை நடத்துகிறவர்களின் மேலான கவனத்துக்கு, ஓய்வுபெற்ற குடும்பஸ்தர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். ஐயா, அம்மா! முதல், மூன்று, நான்கு, ஐந்து ஆகிய ஸ்லைடுகளில் பெண்களின் நிலை பற்றி எந்த ஆணும் எந்த மொழியிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவான். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவது ஸ்லைடை மட்டும் எங்கள் வயதை உத்தேசித்து நீக்கி ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். விதியில் அதற்கு இடமில்லை என்றால், கூட வருகிறவர் 'தினமுமா?' என்று கேட்பதையாவது தடை செய்யுங்கள்.